தானிய மணி வளர்ச்சியில் வெப்பத் தகைவு

தானிய மணி வளர்ச்சியில் வெப்பத் தகைவு என்பது நெல், கோதுமை, மக்காச்சோளம், கம்பு முதலிய பயிர்கள் பூக்கும் காலத்திலும் மணி பிடிக்கும் காலத்திலும் தாங்கும் எல்லையைக் கடந்த வெப்பத்துக்கு உள்ளாவதால், மணிகளின் எண்ணிக்கையும் எடையும் தரமும் குறைவதைக் குறிக்கும். பயிர் பச்சையாகவே தோன்றினும் விளைச்சல் குறையலாம். ஆதலின் இப்பாதிப்பு பெரும்பாலும் அறுவடையின்போதே முழுமையாகத் தெரியவருகிறது.

பூக்கும் பருவம்

நெற்பூ பொதுவாக முற்பகலில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே திறந்திருக்கும். அவ்வேளையில் 35 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் ஒரு மணி நேரம் நீடித்தாலும், வெப்பம் தாங்காத வகைகளில் மகரந்தப்பைகள் சரிவர வெடிப்பதில்லை. சூலகமுடியில் விழும் மகரந்தத்தூள் குறைகிறது. விழுந்தவற்றிலும் பல முளைப்பதில்லை. கருவுறாத பூ பதராகிறது. பின்னர் வெப்பம் தணிந்தாலும் அது மணியாவதில்லை.

காற்றின் ஈரப்பதமும் இங்கு முக்கியமானது. வறண்ட காற்றில் நீராவிப்போக்கினால் கதிர் குளிர்ந்து, சுற்றுப்புறத்தைவிடச் சில பாகை குறைவான வெப்பநிலையில் இருக்கும். ஈரக்காற்றில் இக்குளிர்ச்சி குறைவு. எனவே ஒரே வெப்பநிலையில் ஈரப்பதம் மிகுந்த இடத்தில் பதர் கூடுதலாக உண்டாகலாம்.

மணி நிரம்பும் பருவம்

கருவுற்ற பின் முதல் சில நாட்களில் முளைசூழ்தசையின் உயிரணுக்கள் பெருகுகின்றன. மணி எவ்வளவு பெரிதாகலாம் என்பதை இவற்றின் எண்ணிக்கை பெரிதும் தீர்மானிக்கிறது. அதன் பின் அவற்றில் மாவுச்சத்து சேர்கிறது. வெப்பம் மிகும்போது மணி நிரம்பும் வேகம் சற்றுக் கூடினாலும், நிரம்பும் காலம் அதைவிட மிகுதியாகச் சுருங்குவதால் மணி சிறுத்துப்போகிறது. மாவுச்சத்தை உருவாக்கும் நொதிகளின் செயற்பாடு குறைகிறது. அதைச் சிதைக்கும் அமைலேசு நொதியின் செயற்பாடு கூடுகிறது. மாவுச்சத்துத் துகள்கள் நெருக்கமாக அடுங்காமல் இடைவெளி விழுவதால் அரிசியில் சுண்ணாம்பு போன்ற வெண்மை தோன்றும். இத்தகைய அரிசி ஆலையில் எளிதில் உடைந்து குருணையாகிறது.

இரவு வெப்பமும் தீங்கானது. இரவு வெப்பநிலை உயர்ந்தால் பயிரின் சுவாசம் கூடி, சேர்த்த உணவு வீணாவது இதற்குக் கூறப்படும் ஒரு காரணம். பிலிப்பீன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் நடைபெற்று 2004-இல் வெளியான ஆய்வு, வறண்ட பருவத்தில் குறைந்தபட்ச வெப்பநிலை 1 பாகை உயர்ந்தபோது நெல் விளைச்சல் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது.

பிற பயிர்கள்

கோதுமை குளிர்காலப் பயிர். இந்தியாவில் 1901 முதலான பதிவுகளில் மிக வெப்பமான மார்ச்சாக 2022 மார்ச் அமைந்தது. வடமாநிலங்களில் கோதுமை மணி நிரம்பும் காலம் அதுவாகையால் மணிகள் சுருங்கின. அவ்வாண்டு மே 13-இல் இந்திய அரசு கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. கம்பு வெப்பத்தை நன்கு தாங்கும். எனினும் பூக்கும்போது 42 பாகையைக் கடந்தால் மணி பிடிப்பது குறைகிறது.

தாமிரபரணிப் பாசனப் பகுதி

தூத்துக்குடி மாவட்டத்தில் சாயர்புரத்தைச் சுற்றியுள்ள வட்டாரம் தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்தின் வடகால் பாசனத்தைச் சார்ந்தது. நெல்லும் வாழையும் இங்கு முக்கியப் பயிர்கள். கார் பருவ நெல் சூன் முதல் செப்டம்பர் வரையிலும், பிசானம் அக்டோபர் முதல் பிப்ரவரி அல்லது மார்ச் வரையிலும் விளையும். கார் நெல் பூக்கும் ஆகத்து மாதத்தில் பகல் வெப்பம் 35 பாகையை எட்டுவதுண்டு. பிசானத்துக்குக் கால்வாய் நீர் தாமதமாக வந்தால் நடவும் தள்ளிப்போய், மணி முற்றும் காலம் மார்ச் வெயிலில் அகப்படும். ஆகவே கடைமடைப் பகுதிகளில் நீர் வரும் நாள், பாசனத்தை மட்டுமன்றிக் கதிர் எதிர்கொள்ளும் வெப்பத்தையும் தீர்மானிக்கிறது.

தணிக்கும் வழிகள்

நடவு நாளை மாற்றிப் பூக்கும் காலத்தை வெப்பத்திலிருந்து விலக்குவது எளிய வழி. பூக்கும்போது வயலில் நீர் குறையாமல் காப்பதும் உதவும். உத்தரப் பிரதேசத்தின் நகினா 22 என்னும் நெல் வகை பூக்கும் பருவ வெப்பத்தைத் தாங்குவதால் இனப்பெருக்க ஆய்வுகளில் பயன்படுகிறது. காட்டு நெல் ஒன்றிலிருந்து, அதிகாலையில் பூக்கும் பண்பும் சாகுபடி நெல்லுக்கு மாற்றப்பட்டுள்ளது. இப்பண்புடைய நெல், வெயில் ஏறுமுன் மகரந்தச் சேர்க்கையை முடித்துவிடுகிறது. ஆயினும் மணி நிரம்பும் காலத்து இரவு வெப்பத்துக்கு இது தீர்வாகாது.