கண்ணுக்குத் தெரியாத ஒளியில் கணிப்பொறிக்குத் தூது

தொலைக்காட்சி ரிமோட்டைச் செல்பேசியின் காமிராவுக்கு நேராகப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்திப் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு இருண்டிருக்கும் அதன் முனை, காமிராவில் இளம் ஊதாவாக மினுக்கும். (சில செல்பேசிகளின் பின்பக்கக் காமிரா இதை மறைத்துவிடும், முன்பக்கக் காமிராவில் பார்க்கலாம்.) இதுதான் அகச்சிவப்புக் கதிர். 1800இல் வில்லியம் ஹெர்ஷல், நிறமாலையில் சிவப்புக்கு அப்பால் இருண்ட இடத்தில் வைத்த வெப்பமானி ஏறக் கண்டு இதனை அறிந்தார். இக்கதிரின் வழியே கணிப்பொறியும் செல்பேசியும் கம்பியின்றிப் பேசிக்கொள்ளும். அதற்குரிய சாதனத்தைப் பொருத்தும் முறையை, நான் செய்து பார்த்த அளவில் எழுதுகிறேன்.

புளூடூத் இருக்கும் காலத்தில் இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். என் அப்பா கொத்தனார். அவரிடம் இருந்தது 2002இல் வெளிவந்த நோக்கியா 6610 ரகம். யாரோ பயன்படுத்திக் கொடுத்தது. அதில் புளூடூத் கிடையாது. மேஸ்திரிகள், மணல் லாரிக்காரர், சென்ட்ரிங் ஆட்கள் என்று 140 பெயர்கள் இருந்தன. பொத்தேரியிலிருந்து மறைமலைநகர் வரை அவருக்கு வேலை வருவது அந்த எண்களால்தான். திரையோ நாளுக்கு நாள் மங்கி வந்தது. கையால் எழுதி எடுக்கலாம்; ஆனால் ஓர் இலக்கம் பிசகினால் ஒரு வேலை போயிற்று. "படிச்சவன் நீ இருக்கியேடா, பார்த்துக் குடு" என்றார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்தச் சொல்லைத் தட்ட முடியுமா?

1990களின் பிற்பகுதியில் வந்த பல தாய்ப்பலகைகளில் அகச்சிவப்புக்கென்றே ஊசி இணைப்பு இருந்தது. அது இல்லாதவர்களுக்கு யு.எஸ்.பி.யில் செருகும் தனிச் சாதனம் உண்டு. ரிச்சி தெருவில் பழைய பொருள் விற்கும் கடையில் எனக்கு ஒன்று கிடைத்தது. இதற்காகப் புதிய கணிப்பொறியோடு மல்லுக்கட்ட வேண்டாம். லினக்ஸ்கூட 2018இல் தன் 4.17ஆம் பதிப்பில் இந்தப் பகுதியை நீக்கிவிட்டது. நம் இயற்பியல் ஆய்வகத்தில் விண்டோஸ் எக்ஸ்பி உள்ள பழைய கணிப்பொறி ஒன்று உறையிட்டுக் கிடந்தது. பேராசிரியரிடம் அனுமதி பெற்று அதில் செருகினேன். இயக்கு மென்பொருளை நிறுவியபின், டிவைஸ் மேனேஜர் பட்டியலில் அகச்சிவப்புச் சாதனம் என ஒரு வரியும், கண்ட்ரோல் பேனலில் 'ஒயர்லெஸ் லிங்க்' என்ற குறியும் வர வேண்டும். வந்துவிட்டால் கணிப்பொறிப் பக்கத்து வேலை முடிந்தது.

இனிச் செல்பேசியில் இன்ஃப்ராரெட்டை இயக்க வேண்டும். இரண்டு நிமிடத்திற்குள் பரிமாற்றம் தொடங்காவிட்டால் அது தானே அணைந்துவிடும். இரு முனைகளும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். இடைவெளி ஒரு மீட்டருக்குள் இருத்தல் நலம். நேர்கோட்டிலிருந்து 15 பாகைக்குமேல் விலகினால் இணைப்புக்கு உறுதியில்லை. சன்னலை மூடிவிடுங்கள். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு ஏராளம். சந்தைக்கடையில் இரகசியம் பேசுவதுபோல் ஆகிவிடும்.

உரையாடும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 1993இல் அமைந்த ஐ.ஆர்.டி.ஏ. என்ற சங்கம் வகுத்த விதி அது. இரண்டும் முதலில் நொடிக்கு 9,600 பிட் என்ற நிதானத்தில் அறிமுகமாகி, பிறகு இருவருக்கும் ஒத்துவரும் வேகத்தைத் தேர்ந்துகொள்ளும். பழைய முறையில் உச்ச வேகம் 1,15,200 பிட். பூச்சியத்திற்கு ஒரு மின்னல், ஒன்றுக்கு இருட்டு. மின்னலும் ஒரு பிட்டுக்குரிய நேரத்தில் பதினாறில் மூன்று பங்குதான். மின்கலச் செலவு மிச்சம். ஒரே நேரத்தில் இருவரும் பேச இயலாது, ஏனெனில் பேசுகிறவரின் ஒளி அவருடைய கண்ணையே கூசச் செய்துவிடும். ஒருவர் முடித்தபின்தான் மற்றவர்.

பெயருக்கு 100 எழுத்து என்று கொண்டால் 140 பெயர்களுக்கு 14,000 எழுத்து. எழுத்துக்கு 10 பிட் வீதம், கணக்குப்படி ஒரு நொடிக்குச் சற்று அதிகமாகும். எனக்கு நான்கு நிமிடம் பிடித்தது! ஒவ்வொரு பெயருக்கும் கேள்வி, பதில், முறை மாற்றம் என்று காத்திருப்பதிலேயே நேரம் போகிறது. நோக்கியாவின் பி.சி. சூட் மென்பொருள் 140 என்று காட்டியதும் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுப் புதிய செல்பேசிக்கு மாற்றினேன். அப்பா அன்றிரவே ஒரு மேஸ்திரியை அழைத்துச் சோதித்துப் பார்த்துக்கொண்டார்.

சாதனம் இப்போது ஆய்வக அலமாரியில் இருக்கிறது. வீட்டில் பழைய செல்பேசி வைத்திருப்போர், அதன் உச்சியில் கருஞ்சிவப்புச் சில்லு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சார்ஜரோடு எடுத்து வாருங்கள்.