பிரசாதத்தில் ஒரு முடி

பூட்டிய அறை மர்மக் கதைகளில் பேய்க்கு ஒரு வேலை உண்டு. உள்ளே தாழ்ப்பாள் போட்ட அறை, அதில் ஒரு பிணம், கொலைகாரன் தப்பிக்க வழியே இல்லை. பழைய பங்களா, இருட்டு, சாபம் எல்லாம் சேர்ந்ததும் "இது மனுஷன் செஞ்ச வேலை இல்ல" என்று யாராவது சொல்வார்கள். கடைசியில் துப்பறிபவர் வந்து பேயை விரட்டுவார்.

எட்கர் ஆலன் போ 1841இல் எழுதிய 'ரூ மார்க் கொலைகள்' இதற்கு முன்னோடி. கொலையான பெண்ணின் விரல்களில் ஒரு முடிக்கற்றை சிக்கியிருக்கிறது. மனித முடி இல்லை. ஜன்னலில் அடித்திருந்த ஆணி உள்ளுக்குள் முறிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் விடை ஒராங்குட்டான்! (கதையைப் படிக்காதவர்கள் மன்னிக்கவும்.)

முடிதான் துப்பு என்றதும் எனக்குக் குடுமியான்மலை ஞாபகம் வந்தது. இசைக் கல்வெட்டுக்குப் பேர்போன ஊர், புதுக்கோட்டைக்குப் பக்கம். அங்கே சொல்லும் கதை இது. அர்ச்சகர் சாமிக்குரிய பூவைத் தன் காதலிக்குச் சூட்டிவிடுகிறார். திடீரென்று ராஜா வந்து நிற்கிறார். வேறு பூ இல்லை. அவள் தலையிலிருந்து எடுத்த பூவையே பிரசாதமாகக் கொடுக்கிறார். அதில் ஒரு நீள முடி!

யோசிச்சுப் பாருங்க. கருவறைக்கு ஜன்னல் கிடையாது, ஒரே வாசல். உள்ளே போகிறவர் அர்ச்சகர் மட்டும். அப்படியானால் முடி எப்படி வந்தது? உயிருக்குப் பயந்து, "சாமிக்கே குடுமி இருக்கு" என்று சொல்லிவிடுகிறார். "காட்டு" என்கிறார் ராஜா. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், லிங்கத்தில் நிஜமாகவே குடுமி.

போ கதையில் அமானுஷ்யம் மாதிரி தெரிவதற்குச் சாதாரண விடை இருக்கிறது. இங்கே தலைகீழ். சாதாரண விடை நமக்கு முதலிலேயே தெரியும். அதை மறைக்கத்தான் அற்புதம் வருகிறது. துப்பறிவாளர் குற்றவாளியைப் பிடித்துக்கொடுப்பார். இங்கே சாமியே தடயத்தை உருவாக்கி, பொய் சொன்னவரைக் காப்பாற்றுகிறார். ஜான் டிக்சன் கார் 1937இல் எழுதிய 'தி பர்னிங் கோர்ட்' நாவலும், விடையைச் சொல்லிவிட்டுக் கடைசியில் அமானுஷ்யத்துக்குக் கதவைத் திறந்து வைக்கும். ஆனால் அதில் இந்தக் கருணை இல்லை.

சாமிக்குச் சிகாநாதர் என்று பெயர். சிகை என்றால் குடுமி. ஊர்ப் பெயரிலும் அதே குடுமிதான். முடிக்கு உண்மையில் சொந்தக்காரியான அந்தப் பெண்ணுக்கு மட்டும், நான் கேட்ட கதையில், பெயரே இல்லை. அவள் பிறகு என்ன ஆனாள் என்று ராஜாவும் கேட்கவில்லை, கதை சொல்கிறவர்களும் கேட்பதில்லை.