கித்தான் பிடி போட்ட மோட்டார் சைக்கிள்

கொங்கு நாட்டு வாசகர் ஒருவர், தம் பெரியப்பா விட்டுச்சென்ற பழைய இராணுவ மோட்டார் சைக்கிள் ஒன்று மாட்டுத் தொழுவத்தில் வைக்கோலுக்கு அடியில் கிடக்கிறதென்றும், அதை மறுபடி ஓடவைக்க ஆசையென்றும், ஆனால் சட்டத்தில் பொறித்த எண்ணும் என்ஜினில் பொறித்த எண்ணும் வெவ்வேறாக இருப்பதைப் பார்த்த தரகர் ஒருவர், "இது கலப்பு வண்டி, காயலான் கடைக்குத்தான் லாயக்கு" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாரென்றும் எழுதி, என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறார். கடிதத்தோடு வந்த புகைப்படத்தில், துருவுக்கும் கோழி எச்சத்துக்கும் நடுவே, டபிள்யூ.எம். 20 என்ற எழுத்துக்கள் நன்றாகத் தெரிகின்றன. அவற்றைக் கண்ட பிறகு, இந்த வாரம் எழுத எண்ணியிருந்த வேறொரு விஷயத்தை எடுத்துவைத்துவிட்டேன்.

பர்மிங்ஹாம் நகரின் ஸ்மால் ஹீத் பகுதியில், துப்பாக்கி செய்வதற்கென்று 1861-ல் தோன்றிய பி.எஸ்.ஏ. ஸ்தாபனம் பிற்காலத்தில் செய்த எம். 20 என்னும் வண்டி அது. வாலண்டைன் பேஜ் என்ற நிபுணர் வகுத்த அமைப்பு. 1937-ல் விற்பனைக்கு வந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் இராணுவத்துக்காக ஏறத்தாழ 1,26,000 வண்டிகள் செய்யப்பட்டன. 1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்கள் அந்தத் தொழிற்சாலைமீது குண்டு வீசியதில் 53 தொழிலாளிகள் மாண்டார்கள். அதற்குப் பின்னும் உற்பத்தி நடந்தது.

நாற்கதி என்ஜின் எப்படி ஓடுகிறது என்பதைப் பள்ளிக்கூடத்துப் பையன்களே சொல்வார்களாதலால் அதை விட்டுவிடுகிறேன். இதில் 496 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஒரே சிலிண்டர். வால்வுகள் அதன் தலைக்கு மேலே இராமல், வாயிற்காவலர் போலப் பக்கத்தில் நிற்கின்றன. இவ்வமைப்பில் சக்தி குறைவு. 13 குதிரைத்திறன்தான் கிடைக்கும். வேகம் மணிக்கு 60 மைலைச் சுற்றியே நின்றுவிடும். மாட்ச்லெஸ் ஜி3எல் இதைவிட லகுவானது, துடியானது. கடிதம் சுமந்தோடிய சிப்பாய்கள் அதன்மேல்தான் மோகம் கொண்டார்கள். ஆனால் எம். 20 மட்டமான பெட்ரோலையும் முகம் சுளிக்காமல் குடிக்கும். அதன் தலையை, வால்வுகளை அசைக்காமலே, சாலையோரத்தில் உட்கார்ந்து ஒரு ஸ்பானரைக் கொண்டு கழற்றிக் கரியைச் சுரண்டிவிட்டு மறுபடி மாட்டிவிடலாம். யுத்தத்தில் எது உயர்வு, எது தாழ்வு என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு தீர்மானிப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி எண் விஷயத்துக்கு வருவோம். பழுதான வண்டிகள் இராணுவப் பணிமனைகளுக்குக் கூட்டம் கூட்டமாக வந்து சேரும். அங்கே என்ஜின்களை ஒரு பக்கம், சட்டங்களை ஒரு பக்கம், சக்கரங்களை ஒரு பக்கமென்று பிரித்துக் குவிப்பார்கள். செப்பனிட்டபின், கைக்கு முதலில் கிடைத்த என்ஜினைக் கைக்கு முதலில் கிடைத்த சட்டத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். எந்த என்ஜின் எந்தச் சட்டத்தோடு பிறந்தது என்று ஜாதகம் பார்க்க அங்கே யாருக்கும் அவகாசமில்லை. ஆகவே, யுத்தத்தில் உழைத்த வண்டியில் எண்கள் பொருந்தாமலிருப்பது குறையாகாது. அது அந்த வண்டி பணிமனையைக் கண்ட அடையாளம். எங்கள் கிராமத்து வீட்டின் திண்ணைத் தூண்கள், இடிந்துபோன ஒரு சத்திரத்திலிருந்து என் பாட்டனார் ஏலத்தில் எடுத்தவை. நிலைக்கதவு இன்னொருவர் வீட்டைப் பிரித்தபோது வந்தது. அந்த வீட்டைக் கலப்பு வீடு என்று எந்தத் தரகரும் சொன்னதில்லை.

அப்படியானால், காணாமற்போன உறுப்புக்களுக்கு என்ன செய்வது? சிலவற்றை இங்கிலாந்திலிருந்து தருவித்துக்கொள்ளலாம். மற்றவற்றை உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம் என்பதுதான் இந்தப் பழைய யந்திரங்களில் எனக்குள்ள அபிமானத்துக்கு முதற்காரணம். முன்சக்கரத்தைத் தாங்கும் கர்டர் ஃபோர்க்கின் ஊடுதண்டுகள் தேய்ந்து, ஹாண்டில்பார் ஆட்டம் கண்டிருக்கும். கோவைப் பக்கத்து லேத் பட்டறையில் கடைசல் பிடிக்கத் தெரிந்த எவரும், பழைய லாரி ஆக்ஸில் துண்டொன்றிலிருந்து அவற்றைக் கடைந்தெடுத்துவிடுவார். புஷ்களைக் கன்மெட்டலில் செய்து தருவார்.

எண்ணெய் கசியாதிருக்க மூடிகளுக்கு அடியில் வைக்கும் காகிதத் துண்டைச் செய்யும் விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டையை என்ஜின் உறையின் வாயில் விரித்து ஒரு கையால் அழுத்திக்கொண்டு, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பையொட்டி மெல்லத் தட்டிக்கொண்டே போகிறார் பட்டறைக் கிழவர். உலோகத்தின் கூர்விளிம்பே கத்தரிக்கோலாகி அட்டையை அறுக்கிறது. ஆணித் துளைகளின் மேல் ஒரு தட்டுத் தட்டினால் வட்ட வட்டமாகப் பொட்டுக்கள் உதிர்கின்றன. அளவுகோல் இல்லை, பென்சில் இல்லை. இருந்தும் மயிரிழை பிசகுவதில்லை. சிலிண்டர் தலைக்கு அடியில் வைக்கும் செப்புத் தகடு அழுந்தி இறுகிப்போயிருந்தால், அதைச் செக்கச்செவேலென்று காய்ச்சித் தண்ணீரில் போடுகிறார். எஃகாயிருந்தால் இந்த வைத்தியத்தில் கடினப்பட்டுவிடும். செம்போ இளகிப் புதிதுபோலாகிறது.

மரையாணிகளின் விஷயத்தில்தான் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். அக்காலத்து ஆங்கிலேய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் அங்குலத்துக்கு 26 மரை. கடையில் இன்று கிடைக்கும் ஆறு மில்லிமீட்டர் ஆணியிலோ அங்குலத்துக்கு 25.4 மரை வருகிறது. இரண்டும் இவ்வளவு நெருங்கியிருப்பதால், கால் அங்குலத் துளையில் இந்த ஆணி சாதுவாக ஏறிவிடும். ஆனால் கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர், ஆகவே ஆணி மரையின் நுனியை மட்டும் பற்றிக்கொண்டு தொங்குகிறது. ஸ்பானரை இன்னும் ஒரு சுற்று இறுக்கியதும், எண்பது வருஷம் தாங்கிய மரை பொடியாக உதிர்ந்துவிடும். நம்மூரில் பாழான பழைய வண்டிகளில் எத்தனையோ, ஓடியதால் தேய்ந்தவையல்ல. கிடைத்ததை மாட்டு என்ற அலட்சியத்தால் சீரழிந்தவை. கையால் செய்வது வேறு, கைக்கு வந்ததைச் செய்வது வேறு. 26 மரை போடும் டாப்பும் டையும் இரண்டொரு பழைய பட்டறைகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றைக் கையாளத் தெரிந்தவர்களோ வயோதிகர்கள், கற்றுக்கொள்ளப் பிள்ளைகள் வருவதில்லை.

இவ்வளவையும் விட்டுவிட்டு எம். 20-ல் ஒரே ஓர் உறுப்பை எடுத்து வைத்துக்கொள் என்று யாராவது சொன்னால், நான் கைப்பிடியைத்தான் கேட்பேன். மோட்டார் சைக்கிளின் கைப்பிடி ரப்பரால் ஆனது என்பது எல்லாரும் அறிந்தது. யுத்தத்தின் நடுவில் வெளிவந்த எம். 20 வண்டிகளிலோ கைப்பிடி கித்தான் துணி. கால் வைக்கும் இடத்தில் ரப்பர் உறை இல்லாத வெறும் இரும்பு. காரணத்தைத் தேடினால் பர்மிங்ஹாமிலிருந்து நேரே மலாயாவுக்குப் போய்ச்சேர வேண்டியிருக்கிறது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. சில வாரங்களில் ஜாவாவும் போயிற்று. உலகத்து ரப்பரில் பெரும்பகுதியைத் தந்துவந்த தோட்டங்கள் அவற்றோடு கைமாறின. நேசநாடுகளுக்கு எஞ்சிய ஆசியத் தோட்டங்களுள் இலங்கையே முக்கியமானது. அங்கே மரம் செத்தாலும் பாதகமில்லையென்று பட்டை முழுவதையும் சீவிப் பால் வடித்தார்கள். டயருக்கு ரப்பர் இல்லாமல் தீராது, கைப்பிடிக்குத் தீரும். ஆகவே கைப்பிடிக்குக் கித்தான் வந்தது.

ஜப்பானியர் வசமான மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பட்டை சீவியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் ஜனங்கள் என்பதை நினைத்தால், அந்தக் கித்தான் துண்டை வெறும் துணியாகப் பார்க்க முடிவதில்லை. ரப்பருக்குக் கிராக்கி அற்றுப்போய், மலாயாத் தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாமற்போனபோது, ஜப்பானியர் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளிகளைச் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. ஆங்கிலேயச் சிப்பாயின் கையில் ரப்பர் இல்லாமற்போனதும், இவர்கள் அந்தக் காட்டுக்குப் போனதும் ஒரே சம்பவத்தின் இரு புறங்கள்.

இப்படிப்பட்ட வண்டியைப் புதுப்பிக்கிறேன் என்று சிலர், பளபளவென்ற ரப்பர் பிடியும், பிறக்கும்போது அதற்கு இல்லாத குரோமியப் பூச்சும், செம்மண் நிறப் பெட்ரோல் டாங்கியில் பொற்கோடும் போட்டுக் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அவரவர் பணம், அவரவர் இஷ்டம் என்று சொல்லலாம்தான். ஆனால் பஞ்சகாலத்தில் ஒட்டுப்போட்டு உடுத்திய புடைவையைப் பட்டென்று சொல்லிக் காட்டுவதில் யாருக்கு என்ன பெருமையோ, எனக்கு விளங்கவில்லை. நம் நண்பர் அந்த வழிக்குப் போகவேண்டாம். லாரிக்குத் தார்ப்பாய் தைப்பவர் எந்த ஊரிலும் இருக்கிறார். அவரிடம் ஹாண்டில்பாரையே கொண்டுபோய்க் காட்டினால், மெழுகு தடவிய நூலால் நல்ல கித்தான் பிடி தைத்துத் தருவார். மேலே பூச மங்கலான காக்கியோ பச்சையோ போதும்.

கடைசியாக அவசரமான ஒரு விஷயம். வண்டியைத் தொழுவத்திலிருந்து வெளியே உருட்டியதும், ஆசை மிகுதியால் கிக்கரை மிதித்துவிடக் கூடாது. பொறி உண்டாக்கும் லூகாஸ் மாக்னெட்டோவின் செப்புக்கம்பிச் சுற்றுக்கு அக்காலத்தில் பூசியது அரக்கு. வருஷக்கணக்காகச் சூட்டில் கிடந்தால் அது இளகிக் கசிந்து, சுழலவேண்டிய பாகத்தைக் கூட்டோடு ஒட்டிவிடும். பலவந்தமாகச் சுழற்றினால் சேதம்தான் மிஞ்சும். முதலில் மாக்னெட்டோவைத் தனியே கழற்றி, மோட்டார்களுக்குக் காயில் கட்டுபவர்களில் பழைய மாக்னெட்டோ பார்த்துப் பழகியவராக ஒருவரைத் தேடிக் கொடுத்து, சுற்றையும் கண்டென்ஸரையும் புதிதாகப் போட்டுக்கொள்ளட்டும். என்ஜினைத் திறப்பது அதற்குப் பிறகு. பெரியப்பாவின் பெட்டியில் பதிவுப் புத்தகம் இருக்கிறதா என்பதையும் இதற்கிடையில் பார்த்து எழுதினால் நல்லது.