பனி நாட்டில் பாதம் பத்திரம்!

காக்களூரில் பூட்சு என்றால் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். திருவள்ளூரை அடுத்த இந்த ஊரில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. ஆவின் பால் பண்ணையும் இருக்கிறது. தொழிற்சாலைகளில் ஈரத் தரையில் நிற்பவருக்கு ரப்பர் கம்பூட்சு. கனத்த இரும்பைத் தூக்குகிறவருக்கு முனையில் தகடு வைத்த பூட்சு. குளிருக்காக இங்கே யாரும் பூட்சு போடுவதில்லை. மார்கழிப் பனிக்கு ஒரு மப்ளர் போதும்!

ஆனால் படிப்புக்கும் வேலைக்கும் கனடா, ஜெர்மனி என்று புறப்படும் பிள்ளைகளின் கதை வேறு. பெட்டியில் ஊறுகாயும் பருப்புப் பொடியும் மறக்காமல் ஏறிவிடுகின்றன. காலைப் பற்றி மட்டும் யாரும் கவலைப்படுவதில்லை. டொராண்டோ நகரில் ஜனவரி மாதம் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் இறங்குவது சர்வ சாதாரணம். அங்கே முதலில் மரத்துப்போவது கால் விரல்தான்.

பிரபு கொடுத்த பெயர்

முழங்காலைத் தொடும் நெடும் பூட்சுக்குச் சென்னையோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. 1798-ல் சென்னைக்கு வந்து, 1799-ல் சீரங்கப்பட்டணப் போரில் திப்பு சுல்தானை எதிர்த்து நின்றவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்காலத்தில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு இவரே. குஞ்சம் தொங்கிய அந்தக் காலத்துப் படைவீரர் பூட்சு அவருக்குப் பிடிக்கவில்லை. குஞ்சத்தை எடுத்துவிட்டு, கன்றுத் தோலில் காலோடு பொருந்தும்படி லண்டனில் தைக்கச் சொன்னார். அதுதான் வெலிங்டன் பூட்சு.

1853-ல் ஹைராம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் பிரான்சில் தொழிற்சாலை தொடங்கி, அதை ரப்பரில் செய்தார். காக்களூர் தொழிலாளியின் கம்பூட்சு, அந்தப் பிரபுவின் பூட்சுக்குப் பேரன் முறை!

பெண்களிடம் இது நாகரிகமாகப் பரவியது 1960-களில். 1964-ல் பாரீஸ் நகர உடை நிபுணர் அந்த்ரே கூரேஜ், குட்டைப் பாவாடைக்கு வெள்ளை பூட்சு அணிவித்துக் காட்டினார். பாவாடை மேலே போனது. பூட்சும் பின்னாலேயே ஏறியது.

இறுக்கம் ஆகாது

அழகாக இருக்கும் என்று பலர் இறுக்கமான பூட்சை வாங்கிவிடுகிறார்கள். அது ஆபத்து.

முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளில் நின்ற சிப்பாய்கள் பலருக்குப் பாதம் வீங்கி, புண்ணாகி, அழுகியது. ஈரமும் குளிரும் இறுக்கமான பூட்சும் சேர்ந்து ரத்த ஓட்டத்தைக் குறைத்ததே காரணம். சிலருக்குக் காலையே எடுக்க வேண்டி வந்தது. பாதத்தை உலர்த்தி, காலுறையை அடிக்கடி மாற்றும்படி கட்டளை பிறந்த பிறகே நோய் குறைந்தது.

உங்கள் கால் சூட்டைக் காப்பது தோல் மட்டும் அல்ல. விரல்களைச் சுற்றி நிற்கும் காற்றும்தான். ஆகவே மாலையில், கால் சற்று உப்பியிருக்கும் நேரத்தில் கடைக்குப் போங்கள். கனத்த கம்பளிக் காலுறையோடு போட்டுப் பாருங்கள். விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். பூட்சின் விளிம்பு முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பஸ்சில் உட்காரும்போது உறுத்தும். பருத்திக் காலுறை வேண்டாம். அது வியர்வையைக் குடித்துக்கொண்டு சில்லிடும்.

எந்த உடைக்கு எப்படி?

சுடிதாரின் கணுக்கால் சுருக்கங்களைப் பூட்சுக்குள் திணித்தால் கால் வலிக்கும். காலோடு ஒட்டிய லெக்கிங்ஸ் நல்லது. மேலே அணியும் குர்தா பூட்சின் விளிம்பைத் தொட்டு நின்றால் பார்வைக்கு எடுப்பாக இருக்கும். கோட்டு முழங்காலைத் தாண்டட்டும்.

குள்ளமானவர்கள் பூட்சையும் லெக்கிங்சையும் ஒரே நிறத்தில் போட்டால் கால் நீளமாகத் தெரியும்.

சேலைக்கும் பூட்சு பொருந்தும். உள்ளே கம்பளி லெக்கிங்ஸ் போட்டு, கொசுவத்தை இரண்டு அங்குலம் உயர்த்திக் கட்டினால் போதும். கரை பனிச் சேற்றில் நனையாது.

ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்றால் கறுப்போ பழுப்போ வாங்குங்கள். அரக்கு, பச்சை, மஞ்சள் ஆகிய நம்மவர் நிறங்களுக்குப் பழுப்பு இதமாக இருக்கும். குதி உயரம் வேண்டாம். அடிப்பாகம் பள்ளம் வெட்டிய ரப்பராக இருக்கட்டும். பனியில் வழுக்கினால் அழகு எங்கே?

உப்பும் பழைய பேப்பரும்

பனியைக் கரைக்கச் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். அது தோலில் வெள்ளையாகப் படியும். தண்ணீரில் சிறிது வினிகர் கலந்து, துணியால் துடைத்தால் போய்விடும். நனைந்த பூட்சை ஹீட்டர் அருகே வைக்காதீர்கள், தோல் வெடிக்கும். பழைய பேப்பரைச் சுருட்டி உள்ளே திணித்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

பூட்சைக் கண்டு மிரள வேண்டாம். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைத்த தோல் காலணிகள் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறுகின்றன. அயல்நாட்டில் வாங்கும் ஜோடி நம் ஊர்க் கைகள் தைத்ததாகவும் இருக்கலாம்!

கடைசியாக ஒன்று. கனடா வீடுகளிலும் காலணியை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஆகவே, காலுறையில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!