கரி அடுப்பின் புகை எங்கே போகிறது?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்து ஜார்ஜ்டவுனில் குளிர்காய அடுப்பு மூட்ட வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. ஆனாலும் சார் குவே தியாவ் என்னும் வறுத்த அரிசி நூடுல்ஸ் விற்கும் கடைகள் சிலவற்றில் இன்றும் கரி அடுப்புதான். கரி கனன்று, வாணலி காய்ந்து, கொழுப்பும் சோயா சாஸும் விழுந்ததும் குபீரென்று புகை கிளம்பும். கரியைக் குறை சொல்வோம்; அந்தப் புகையில் பெரும்பகுதி காய்ந்த கொழுப்பிலிருந்து வருவது.

விறகு சூடேறும்போது முதலில் ஈரம் ஆவியாகும். அடுத்து வாயுக்களும் தாரும் வெளிவரும். இவை முழுமையாக எரியாவிட்டால் புகைதான். அதிலுள்ள பி.எம். 2.5 நுண்துகள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. நுரையீரலின் அடி வரை போய்விடும். கரியில் அந்த வாயுக்களும் தாரும் பெரும்பாலும் முன்பே போய்விட்டதால் புகை குறைவு.

போனது எங்கே? பெயர்பெற்ற பாக்காவ் (அலையாத்தி மரக்) கரி, பக்கத்து பேராக் மாநிலத்தின் கோலா செபத்தாங்கில் தயாராகிறது. மாத்தாங் அலையாத்திக் காட்டில் சுமார் 30 ஆண்டு வளர்ந்த மரங்களை வெட்டி, குவிமாடம் போன்ற செங்கல் சூளைகளில் வாரக்கணக்கில் மூட்டம் போடுகிறார்கள். அந்தப் புகை முழுதும் சூளைக்காரர்களுக்கு. கரியிலும் ஓர் ஆபத்து உண்டு: கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடு. மூடிய அறையில் கரி மூட்டினால் உயிரே போகலாம்.

விறகையே எரிக்கும் இடங்களிலும் புகையைக் குறைக்க முடியும். விறகு ஹீட்டர்கள் நிறைந்த ஜெர்மனி, 2010-இல் புகையிலுள்ள தூசுக்கு வரம்பு கட்டியது. பழைய ஹீட்டர்கள் 2024 இறுதிக்குள் ஒரு கன மீட்டர் புகைக்கு 0.15 கிராமுக்குள் வரவேண்டியிருந்தது. 2015 முதல் வரும் புதியவற்றுக்கு 0.04 கிராம். ஈரம் 20 சதவீதத்துக்கும் குறைந்த விறகு, வாயுக்களை எரிக்க மேலிருந்து இரண்டாவது காற்று, தேவைப்பட்டால் புகைக்குழாயில் துகள்களை மின்னூட்டி இழுக்கும் வடிகட்டி: இவைதான் வழி.

வாசலில் பொங்கல் வைப்பவருக்கும் முதல் இரண்டும் பொருந்தும். நன்றாகக் காய்ந்த விறகை, காற்றுப் புக இடைவெளி விட்டு அடுக்க வேண்டும்; பிளாஸ்டிக்கும் பெயின்ட் அடித்த பலகையும் கூடாது.

கடைக்காரர் கதை வேறு. விறகுப் புகையையும், அதிகச் சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையையும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ஒரே பிரிவில் வைத்திருக்கிறது: ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்’. கரியை விட்டு கேஸுக்கு மாறினாலும் வாணலிப் புகை போகாது. நாள் முழுதும் அடுப்படியில் நிற்பவருக்கு முதலில் வேண்டியது, தலைக்கு மேல் புகையை இழுத்து வெளியேற்றும் கூண்டும் அதைத் தவறாமல் கழுவும் பழக்கமும்தான்.