எடையும் பித்தப்பைக் கல்லும்

கல்யாண விருந்து முடிந்து படுத்தவருக்கு நடுச்சாமத்தில் வலது விலாவுக்குக் கீழே இறுக்கிப் பிடிக்கிறது. வலி முதுகுக்குப் பரவி வலது தோள்பட்டைக்கு ஏறுகிறது. ‘கேஸ்தான்’ என்று சோடா வாங்கிக் கொடுக்கிறோம். பித்தப்பையை யாரும் நினைப்பதில்லை.

கல்லீரலுக்கு அடியில் ஒட்டியிருக்கும் அந்தச் சிறு பை 30 முதல் 50 மில்லி லிட்டர் பித்தநீரைத்தான் பிடிக்கும். தண்ணீரில் கரையாத கொலஸ்ட்ராலைப் பித்த உப்புகள்தான் அதில் கரைத்து வைத்திருக்கின்றன. உடல் பருத்தால் கல்லீரல் கூடுதலாகக் கொலஸ்ட்ராலைச் சுரந்து பித்தநீரில் கொட்டுகிறது. பையும் மந்தமாகவே சுருங்குகிறது. கரையாமல் மிஞ்சியது படிகமாகி, கல்லாகிறது. அமெரிக்கச் செவிலியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், உடல் நிறைக் குறியீட்டெண் 45-க்கு மேல் இருந்த பெண்களுக்கு, 24-க்குக் கீழே இருந்தவர்களைவிட ஏழு மடங்கு ஆபத்து தெரிந்தது. ஒல்லியானவர்களுக்கும் கல் வரும். தென்னிந்தியாவில் நிறமிக் கற்களும் நிறைய. அவற்றுக்குக் காரணம் வேறு.

பெரும்பாலான கற்கள் சத்தமில்லாமல் கிடக்கும். பயப்பட வேண்டியது, சிறு கல் நழுவிப் பித்தக்குழாயின் வாயை அடைப்பதற்கு. அப்போது கணையம் வீங்குகிறது. பருமனானவர்களுக்கு இங்கேதான் நிலைமை மோசமாகிறது: கணையத்திலிருந்து கசியும் நொதி சுற்றியுள்ள கொழுப்பைச் சிதைக்க, அதிலிருந்து வெளியாகும் கொழுப்பு அமிலங்கள் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்குகின்றன. ஒரே அளவு கல்தான். ஒருவர் நாலு நாளில் வீடு திரும்ப, இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்க நேரலாம்.

சரி, எடையைச் சட்டென்று குறைத்துவிடலாமா? கூடாது. பட்டினி கிடந்தால் திசுக் கொழுப்பு கரைந்து, அதிலிருந்த கொலஸ்ட்ரால் பித்தநீருக்கு வருகிறது. சாப்பாட்டில் கொழுப்பே இல்லையென்றால் பை சுருங்கவும் செய்யாது, பித்தநீர் தேங்கும். இரைப்பையைச் சுருக்கும் அறுவைக்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கல் உருவானதை ஆய்வுகள் காட்டின. அந்த மாதங்களில் தினமும் அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை கொடுத்தபோது அது வெகுவாகக் குறைந்தது. அறுவை செய்துகொள்பவர்கள் இந்த மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் அவசியம் கேட்க வேண்டும்.

வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைவது ஆபத்தை ஏற்றுகிறது. ‘மாதம் பத்துக் கிலோ’ விளம்பரங்களை நம்பாதீர்கள். வாரம் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ போதும். உணவில் கொஞ்சம் நல்லெண்ணெயோ கடலையோ இருக்கட்டும். வலியோடு காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.