மூணாவது வாரம்தான் கவனம்: நாயின் முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு

நாய்க்கு முட்டி லிகமெண்ட் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சு. அடுத்து என்ன? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

முதல்ல, உள்ளே என்ன நடந்திருக்குனு பார்ப்போம். நாயோட முட்டிக்குக் கீழே இருக்கிற எலும்பின் மேல்பகுதி பின்பக்கமா சரிஞ்சிருக்கும். லிகமெண்ட் அறுந்துட்டா, கால் ஊன்றும்போதெல்லாம் அந்த எலும்பு முன்னாடி நழுவும். பெரிய நாய்களுக்குப் பரவலா செய்யிறது டி.பி.எல்.ஓ. முறை. அமெரிக்க மருத்துவர் பார்க்ளே ஸ்லோகம் 1993-ல் வெளியிட்டது. இதுல அறுந்த லிகமெண்ட்டைத் தைக்கிறதில்லை. எலும்பை வளைவா வெட்டி, சுழற்றி, சரிவைக் குறைச்சு, பிளேட்டும் ஸ்க்ரூவும் போடுவாங்க. அதனால எலும்பு முறிஞ்ச ஒருத்தரைப் பார்த்துக்கிற மாதிரிதான் பார்த்துக்கணும். எலும்பு கூட பொதுவா 8 முதல் 12 வாரம் ஆகும்.

முதல் 2 வாரம் சுலபம். நாய்க்கே ஆட மனசு இருக்காது. தையலை நக்காம இருக்க கழுத்துல கூம்பு. வயித்துக்கடியில துண்டைக் கொடுத்துத் தாங்கி, ஒண்ணுக்குப் போக மட்டும் வெளியே.

சிக்கல் மூணாவது வாரத்துல. காலை ஊன்றும், வாலை ஆட்டும், காலிங் பெல் அடிச்சா பாயும். "சரியாயிடுச்சு"னு நாம பெல்ட்டைக் கழட்டிடுவோம். ஆனா வலி குறைஞ்சதுக்கும் எலும்பு கூடுனதுக்கும் சம்பந்தம் இல்லை. ஒரே தாவல்ல ஸ்க்ரூ நகரலாம், எலும்பு விரியலாம். அப்புறம் மறுபடி ஆபரேஷன்தான்.

நம்ம சேலையூர் வீடுகள்ல மூணு இடத்தைக் கவனிங்க. வழுக்குற டைல்ஸ் தரையில ரப்பர் மேட் விரிங்க. மாடிப்படியையும் சோபாவையும் மறிச்சு வைங்க. தெரு நாய்ங்க கூடுற நேரத்தைத் தவிர்த்து, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி நடத்துங்க.

நடை மெதுவா இருக்கணும். வேகமா போனா நாய் மூணு கால்லயே சமாளிச்சிடும். மெதுவா போனாதான் நாலாவது காலை ஊன்றும், தசை திரும்பும். எத்தனை நிமிஷம்னு சர்ஜன்கிட்ட கேட்டு, வாரா வாரம் கூட்டுங்க.

நம்ம வலி மாத்திரை எதையும் கொடுக்காதீங்க. ஐபுப்ரோஃபென் நாய்க்கு விஷம். சாப்பாட்டைக் கொஞ்சம் குறைங்க. எடை ஏறினா அடுத்த முட்டிக்கும் ஆபத்து. ஊன்றிட்டிருந்த காலைத் திடீர்னு தூக்குனாலோ, வீங்குனாலோ, தையல்ல நீர் வடிஞ்சாலோ அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க.

பெல்ட்டை எப்போ கழட்டலாம்? 8 வாரம் வாக்குல எடுக்கிற எக்ஸ்ரேவைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். நாய் சொல்றதை நம்பாதீங்க!